இட்லி மாவுத் தொழில் ஏன் நடக்கிறது, நடத்த என்னென்ன வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இட்லி, தோசை மாவு அரைத்து விற்பது தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லா ஊரிலும் நடக்கும் தொழில். கிரைண்டர், டிரம், தராசு இருந்தால் போதும் என்று நினைத்துப் பலர் இறங்குகிறார்கள். ஆனால் பெரிய ஆலைக்கு வேண்டிய எல்லாமே இதற்கும் வேண்டும்: வாங்க ஆள், போட முதல், உழைக்க ஆட்கள், சரக்கு, இயந்திரம், உரிமம், கணக்கு. ஒரு தொழில் எதற்காக இருக்கிறது, எதை வைத்து ஓடுகிறது என்பதை இந்த ஒன்றை வைத்தே இங்கே விளக்குகிறோம். கீழே உள்ள விலைகள் கணக்குப் புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மறுபடி கணக்குப் பாருங்கள்.

வீட்டுக்கு வீடு கிரைண்டர் இருக்கிறது. அப்புறம் ஏன் மாவை விலைக்கு வாங்குகிறார்கள்?

கிரைண்டர் இருக்கிறது, நேரம் இல்லை. வீட்டில் மாவு அரைப்பதென்றால் காலையில் ஊறப்போட வேண்டும், மாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிரைண்டர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், பிறகு கல்லையும் பாத்திரத்தையும் கழுவ வேண்டும். கிலோவுக்குச் செலவாகும் அரிசி உளுந்தின் விலையை மட்டும் பார்த்தால் வீட்டு மாவு மலிவு. அந்த நேரத்துக்கும் ஒரு விலை உண்டு என்று வீட்டார் உணரும்போது கணக்கு மாறிவிடுகிறது. அந்த உழைப்பைக் காலங்காலமாகப் பெண்கள் கூலி இல்லாமல் செய்துவந்ததால்தான் அதன் விலை யார் கண்ணிலும் படவில்லை.

இரண்டு கிலோ அரைத்தாலும் முப்பது கிலோ அரைத்தாலும் கழுவும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். மொத்தமாக அரைப்பவருக்கு ஒரு கிலோவுக்கு ஆகும் உழைப்பு பல மடங்கு குறைகிறது. வாங்குபவருக்கு மிச்சமாகும் நேரத்தின் மதிப்பு, விற்பவருக்கு ஆகும் செலவைவிடக் கூடுதலாக இருக்கிறது. எந்தத் தொழிலும் இந்த இடைவெளியில்தான் பிழைக்கிறது. இடைவெளி இல்லாத இடத்தில் எவ்வளவு உழைத்தாலும், எவ்வளவு விளம்பரம் செய்தாலும் நிற்காது.

அரைக்க ஒருவர், பாக்கெட் போட ஒருவர், கடைக்குக் கொண்டுபோக ஒருவர் என்று அன்றன்றைக்குப் பிடித்துக்கொள்ளலாமே? நிரந்தரமாக ஒரு நிறுவனம் எதற்கு?

ரொனால்ட் கோஸ் என்ற பொருளாதார அறிஞர் 1937-ல் இதே கேள்வியைத்தான் எழுப்பினார். 1991-ல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்ன பதில் மாவுக்கடைக்கும் பொருந்தும். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு நாளும் ஆள் தேடி, கூலி பேசி, சரியாகச் செய்தாரா என்று பார்ப்பதற்கே ஒரு செலவு ஆகிறது. அதைவிட, மாதச் சம்பளத்துக்கு இருவரை வைத்து ‘இன்றைக்கு இதைச் செய்’ என்று சொல்வது மலிவு என்னும்போது நிறுவனம் உருவாகிறது.

அதிகாலை நாலு மணிக்கு அரைக்க வர வேண்டியவர் வரவில்லை என்றால் ஆறரைக்குக் கடைக்கு மாவு போகாது. கடைக்காரர் வேறு மாவை வாங்கி வைத்துவிடுவார். நேரம் தவறினால் வாடிக்கையே போகும் வேலையை வெளியாரிடம் விடாதீர்கள். கணக்கு எழுதுவது, லேபிள் அச்சடிப்பது, இயந்திரப் பழுது போன்றவற்றுக்கு வெளியாரே போதும்.

லாபம் சம்பாதிப்பதுதானே தொழிலின் நோக்கம்?

லாபம் இல்லாமல் தொழில் நிற்காது. ஆனால் வாங்குபவருக்கு உபயோகம் இல்லாமல் லாபம் வராது. மாவுக்கடை வைப்பவரின் அன்றாட முடிவுகள் இந்த வரிசையில் இருக்க வேண்டும்: மாவு நன்றாக இருக்கிறதா, நேரத்துக்குப் போனதா, எடை சரியா, அதன் பிறகு மிச்சம் எவ்வளவு. உளுந்தைக் குறைத்து ஒரு மாதம் லாபம் காட்டலாம். இட்லி கல்லானதும் வீட்டுக்காரர் எதுவும் சொல்ல மாட்டார், வாங்குவதை நிறுத்திவிடுவார். புகாரே வராமல் விற்பனை குறைவதுதான் இந்தத் தொழிலில் மிகப் பெரிய ஆபத்து.

இயந்திரம் வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

வாங்குவதற்கு ஆள் இருக்கிறார்களா என்று. கடைக்குக் கடை போய், இப்போது எந்த மாவு விற்கிறது, தினம் எத்தனை பாக்கெட், எத்தனை திரும்பிப் போகிறது, கடைக்காரருக்கு என்ன கமிஷன் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத்தான் சரியான பதில் சட்டென்று கிடைக்கும். மற்றதற்கு, மாலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் அந்தக் கடையின் ஃபிரிட்ஜைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பிறகு வீட்டுக் கிரைண்டரிலேயே சிறிதாக அரைத்து, உணவுப் பாதுகாப்புப் பதிவை எடுத்துக்கொண்டு, இரண்டு வாரம் தெரிந்த வீடுகளுக்குக் காசுக்கு விற்றுப் பாருங்கள். இலவசமாகக் கொடுத்தால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். இரண்டாவது தடவை காசு கொடுத்து யார் வாங்கினார்கள் என்பது மட்டுமே கணக்கு. சனி, ஞாயிறு விற்பனையை வைத்து மொத்த வாரத்தையும் மதிப்பிடாதீர்கள். செவ்வாய், புதன் எவ்வளவு போகிறதோ அதுதான் அடிப்படை.

என்ன இயந்திரம், எவ்வளவு இடம்?

தினம் நூறு கிலோவுக்குள் என்றால் 20 லிட்டர் டில்டிங் (சாய்த்துக் கொட்டும்) கிரைண்டர் இரண்டு போதும். ஒன்றே வாங்கினால் அது பழுதாகும் நாளில் தொழிலே நின்றுவிடும். கிரைண்டருக்குப் பேர்போன ஊர் கோயம்புத்தூர். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. பழுது பார்க்கும் ஆளும் உதிரி பாகமும் உங்கள் ஊரிலேயே கிடைக்கிற கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள். புதுக் கல்லில் முதலில் நொய் அரிசியைப் போட்டு இரண்டு மூன்று ஈடு அரைத்துக் கொட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கல் தூள் மாவில் வரும்.

கூடவே வேண்டியவை: ஊறவைக்க எவர்சில்வர் பாத்திரங்கள், மூடியுள்ள டிரம்கள், 4 முதல் 5 டிகிரி செல்சியஸில் நிற்கும் குளிர்பெட்டி, முத்திரையிட்ட மின்னணுத் தராசு, பாக்கெட் ஒட்டும் சீலிங் மெஷின். இடம் 200 சதுர அடி இருந்தாலும் சமாளிக்கலாம். ஆனால் தரை வழுக்காத டைல்ஸாக, தண்ணீர் தேங்காத சரிவோடு இருக்க வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது கழிவுநீர். அரிசி களைந்த தண்ணீரும் மாவு கழுவிய தண்ணீரும் சில மணி நேரத்தில் புளித்து நாறும். மாவு கீழே படியும்படி ஒரு சிறு தொட்டி கட்டி, அதன் பிறகு சாக்கடையில் விடுங்கள். அக்கம்பக்கத்துப் புகார் பெரும்பாலும் இந்த நாற்றத்திலும் விடியற்கால இரைச்சலிலும்தான் தொடங்கும்.

வீட்டு மின் இணைப்பில் தொழில் நடத்தக் கூடாது. மின்வாரியத்தில் உரிய தொழில் பிரிவில் இணைப்பு வாங்குங்கள். மின்னழுத்தம் குறையும் ஊர்களில் மோட்டார் காயில் எரிவது வாடிக்கை. மின்னழுத்தம் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் ஒரு ரிலே பொருத்துவது, காயில் கட்டும் செலவைவிட மலிவு.

அளவும் முறையும் என்ன?

ஓர் ஈட்டுக்கு இட்லி அரிசி 10 கிலோ, தோல் நீக்கிய முழு உளுந்து 2.5 கிலோ, வெந்தயம் 100 கிராம், உப்பு சுமார் 300 கிராம். எல்லாம் சேர்ந்து 30 கிலோ மாவு வரும். மாவுக்குள் போகும் தண்ணீர் சுமார் 17 லிட்டர். களையவும் கழுவவும் அதைப்போல மூன்று மடங்காவது வேண்டும். குண்டு அரிசியாக, ஏடிடி 37 போன்ற ரகமாக இருந்தால் இட்லி மெத்தென்று வரும்.

அரிசி நாலிலிருந்து ஆறு மணி நேரம் ஊறட்டும். உளுந்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் போதும். அதிகம் ஊறினால் பொங்காது. உளுந்தைத் தனியாக, குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, அரைமணிக்குக் குறையாமல் அரைக்க வேண்டும். கல் உரசும் சூட்டில் மாவு சூடாகிவிட்டால் நுரை உடைந்து கிரைண்டர் நிறையாது. பதம் பார்க்க ஒரு கிண்ணம் தண்ணீரில் சிறிது உளுந்து மாவைப் போடுங்கள். மிதந்தால் காற்று நன்றாக ஏறியிருக்கிறது. மூழ்கினால் இன்னும் அரைபட வேண்டும், அல்லது உளுந்து பழசு. உளுந்தின் கொழகொழப்புதான் புளிக்கும்போது வரும் வாயுவைப் பிடித்துவைக்கிறது. அது சரியாக அமையாவிட்டால் எவ்வளவு நேரம் வைத்தாலும் இட்லி உப்பாது.

அரிசியை இரண்டு தடவையாகப் பிரித்து, மெல்லிய ரவைப் பதத்தில் அரைத்து, உளுந்தும் உப்பும் சேர்த்துக் கையால் கலப்பது வீட்டு வழக்கம். விற்பனைக்கு என்றால் சுத்தமான துடுப்பும் கையுறையும் பயன்படுத்துங்கள். ஓர் ஈட்டை முடிக்க ஒரு கிரைண்டருக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும்.

மாவு சில நாள் பொங்குவதில்லை, சில நாள் பாக்கெட் வெடிக்கிறது. ஏன்?

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: வெப்பம். மாவைப் புளிக்கவைப்பது லியூகோநோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள். அவை உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாகவே இருக்கின்றன. 30 டிகிரியை ஒட்டிய சூட்டில் எட்டுப் பத்து மணி நேரத்தில் மாவை எழுப்பிவிடும். மார்கழியில் அதே வேலைக்குப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். அக்னி நட்சத்திரத்தில் ஐந்தாறு மணி நேரத்திலேயே புளிப்பு ஏறிவிடும். எனவே நேரத்தை வைத்து அல்ல, மாவின் சூட்டை வைத்து வேலை செய்யுங்கள். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, அரைத்து முடித்ததும் ஒரு தடவை, குளிர்பெட்டியில் வைக்கும் முன் ஒரு தடவை பார்த்து எழுதிவையுங்கள். கோடையில் அரைக்கும் தண்ணீரில் பாதியை, குடிக்கத் தகுந்த நீரில் செய்த ஐஸாகப் போடலாம்.

பாக்கெட் உப்புவது புளிக்கும்போது வரும் கரியமில வாயுவால். முழுவதும் எழும்பிய மாவைக் கவரில் அடைத்துக் கடைக்கு அனுப்பினால், வழியில் சூடேறியதும் வெடிக்கும். பாதி புளித்ததும், அதாவது சாதாரண நாளில் மூன்று நாலு மணி நேரத்தில், பாக்கெட் போட்டு உடனே குளிர்பெட்டியில் வையுங்கள். மேலே நாலில் ஒரு பங்கு இடம் விடுங்கள். கடைக்காரர் இரவில் ஃபிரிட்ஜை அணைக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள். உங்கள் மாவு கெட்டுப்போனதாக வரும் புகாரில் ஒரு பகுதி அங்கேதான் பிறக்கிறது.

குளோரின் அதிகமுள்ள குழாய்த் தண்ணீர் புளிப்பைத் தாமதப்படுத்தும். ஓரிரவு திறந்து வைத்திருந்தால் சரியாகும். சீக்கிரம் பொங்க ஆப்பசோடா போடுவது கெட்ட பழக்கம். போட்டால் லேபிளில் எழுதியாக வேண்டும்.

எழும்பிய மாவு அதே எடையில் அதிக இடத்தை அடைக்கும். ஆகவே லிட்டர் கணக்கில் விற்காதீர்கள், எடையில் விற்பதே நியாயம்.

ஒரு கிலோ மாவின் அடக்க விலை எவ்வளவு?

அரிசி கிலோ 45 ரூபாய், உளுந்து 130 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஈட்டுக்கு அரிசி 450, உளுந்து 325, வெந்தயமும் உப்பும் சுமார் 16. மொத்தம் 791 ரூபாய். முப்பதால் வகுத்தால் கிலோவுக்கு 26.37 ரூபாய். கவரும் லேபிளும் 2.50, அரைக்கும் மின்சாரமும் தண்ணீரும் 1.70, வண்டிச் செலவு 3. ஆக, கையைவிட்டுப் போவது சுமார் 33.50.

இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். விற்காமல் திரும்பும் பாக்கெட்டையும் சேர்க்க வேண்டும். கடைக்கு 50 ரூபாய்க்குப் போட்டு நூற்றுக்கு ஐந்து திரும்பினால், போட்ட ஒவ்வொரு பாக்கெட்டிலும் 2.50 ரூபாய் போனதாகக் கணக்கு. அடக்கம் 36 ஆகிறது. கிலோவுக்கு மிஞ்சுவது 14. கடைக்காரர் 60-க்கு விற்பார், அவருக்குப் பத்து ரூபாய்.

எடை குறையக் கூடாது என்று ஒவ்வொரு பாக்கெட்டிலும் 50 கிராம் கூடுதலாகப் போட்டால் கிலோவுக்கு 1.30 ரூபாய் போகிறது. மிச்சத்தில் அது பத்தில் ஒரு பங்கு. தராசைச் சரியாக வைப்பதே போதும்.

தினம் எத்தனை கிலோ விற்றால் கட்டும்?

மாவு விற்றாலும் விற்காவிட்டாலும் ஆகும் மாதச் செலவைக் கூட்டுங்கள். வாடகை 8,000, இரண்டு ஆள் சம்பளம் 24,000, கடன் தவணை 6,500, குளிர்பெட்டி மின்கட்டணம் 3,000, சில்லறைச் செலவு 2,500. மொத்தம் 44,000. கிலோவுக்கு 14 வீதம் வகுத்தால் மாதம் 3,143 கிலோ, அதாவது தினம் 105 கிலோ.

இதில் உங்கள் சம்பளம் எங்கே? அதிகாலை எழுந்து இரவுவரை நிற்கும் முதலாளியின் உழைப்பைச் சும்மா என்று எழுதினால், எந்தத் தொழிலும் லாபத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும். 20,000 சேர்த்துப் பாருங்கள்: தினம் 152 கிலோ. ஐந்து ஈடு. ஒரே கிரைண்டர் என்றால் ஒன்பது மணி நேரம் ஓயாமல் ஓட வேண்டும்.

உளுந்து 130-லிருந்து 160 ஆனால் கிலோவுக்கு 2.50 ரூபாய் அடக்கம் ஏறும். மிச்சம் 11.50 ஆகிவிடும். அப்போது கட்டுப்படியாக தினம் 186 கிலோ விற்க வேண்டும். மாவுத் தொழிலில் அரிசி விலையைவிட உளுந்து விலையைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பது இதனால்தான். விலை இறங்கும் மாதத்தில் மூன்று மாத உளுந்தை வாங்கி, வண்டு புகாமல் வைக்க வசதி இருந்தால் நல்லது. அதற்கு மேல் வாங்காதீர்கள். பழைய உளுந்து பொங்காது.

லாபம் வருகிறது, ஆனால் கையில் காசே இல்லை. எங்கே போகிறது?

கடைகளில் கடனாக நிற்கிறது. சிறு தொழில்கள் நொடிவதற்கு முக்கியமான காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்வோம்.

தினம் 100 கிலோவைப் பதினைந்து நாள் கடனுக்குக் கடைகளுக்குப் போடுகிறீர்கள் என்றால், 33.50 வீதம் சுமார் 50,000 ரூபாய் எப்போதும் வெளியே நிற்கும். ஒரு வார அரிசி உளுந்து இருப்புக்கு 18,000. ஒரு மாதச் சம்பளமும் வாடகையும் 32,000. ஆக மொத்தம் ஒரு லட்சம் ரூபாய், இயந்திரம் வாங்கிய பிறகும், சும்மா சுழன்றுகொண்டிருக்க வேண்டும். இதுதான் நடைமுறை மூலதனம். இயந்திரத்துக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு இதற்கு வழியில்லாமல் கந்துவட்டிக்குப் போகிறவர்கள் விற்பனை கூடக் கூட மேலும் கடனாளி ஆகிறார்கள். கடனுக்குப் போடும் சரக்கு கூடினால் வெளியே நிற்கும் பணமும் கூடும் என்பதே காரணம்.

வழி என்னவென்றால், வீடுகளுக்கு நேரடியாக, உடனடிக் காசுக்கு விற்பதை மொத்த விற்பனையில் பாதியாவது வைத்துக்கொள்ளுங்கள். கடைகளுக்குப் ‘பழைய பில் கட்டினால் புதுச் சரக்கு’ என்ற முறையை முதல் நாளிலிருந்தே சொல்லிவிடுங்கள். நடுவில் மாற்றினால் மனஸ்தாபம்தான் வரும்.

பெரிய கடைகள் இரண்டு மாதமாகியும் பணம் தரவில்லை. சட்டம் ஏதும் இருக்கிறதா?

இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006. குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவரிடம் வாங்குபவர், எழுத்துமூல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாகச் சேரும். குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசு இணையதளத்தில் புகார் பதியலாம். குறு, சிறு நிறுவனங்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவு எண்ணைப் பில்லில் அச்சிடுங்கள். காலத்தோடு கொடுக்காமல் நிதியாண்டும் முடிந்துவிட்டால் வாங்கியவர் அந்தத் தொகையை அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்பதால், அவருடைய ஆடிட்டரே அவரை அவசரப்படுத்துவார்.

என்னென்ன பதிவும் உரிமமும் வேண்டும்?

முதலாவது எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையம் தருவது. சிறிய அளவில் விற்பவருக்குப் பதிவு, விற்பனை கூடினால் உரிமம். அதன் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் விண்ணப்பிக்கும்போது உங்கள் ஆண்டு விற்பனையைப் போட்டால் எது பொருந்தும் என்று அதுவே காட்டும். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையும் வேலையாட்களின் மருத்துவச் சான்றும் கையில் இருக்கட்டும்.

உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பான் எண்ணும் போதும். பணம் கேட்கும் போலித் தளங்கள் நிறைய உண்டு, அரசுத் தளத்தில் மட்டும் செய்யுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் இயந்திர முதலீடு 2.5 கோடிக்குள்ளும் ஆண்டு விற்பனை 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறு நிறுவனம்.

உள்ளாட்சியில் தொழில் உரிமம் வாங்க வேண்டும், அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி கட்ட வேண்டும். தராசைச் சட்டமுறை எடையளவுப் பிரிவில் ஆண்டுதோறும் முத்திரையிட வேண்டும். பெரும்பாலானவர்கள் மறப்பது இந்தக் கடைசி ஒன்றைத்தான்.

பாக்கெட்டில் என்ன அச்சிட வேண்டும்?

பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்தவர் பெயரும் முகவரியும், தயாரித்த தேதி, பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, தொகுதி எண், எல்லா வரிகளும் உட்பட எம்ஆர்பி, அலகு விலை, வாடிக்கையாளர் தொடர்பு எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி, எஃப்எஸ்எஸ்ஏஐ எண். ஊட்டச்சத்து விவரத்தில் சிறு தயாரிப்பாளருக்கு உள்ள விலக்கை விண்ணப்பிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. நேரில் வருபவர்களிடம் பாத்திரம் கொண்டுவரச் சொல்லி ஒரு ரூபாய் குறைத்துக் கொடுப்பது இருவருக்கும் ஆதாயம்.

ஜிஎஸ்டி கட்ட வேண்டுமா?

தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். இட்லி, தோசை மாவுக்கு வரி 5 சதவீதம். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு அனுப்புவதுபோல வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பினால் எவ்வளவு சிறியதானாலும் பதிவு வேண்டும். விற்பனை 1.5 கோடிக்குள் இருந்தால் தொகுப்பு வரித் திட்டத்தில் 1 சதவீதம் கட்டலாம். அதில் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க முடியாது, வாங்கிய சரக்கின் வரியையும் திரும்பப் பெற முடியாது. தினம் 220 கிலோ, 50 ரூபாய் வீதம் என்றாலே ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தொட்டுவிடும். எல்லையை நெருங்கும்போதே ஆடிட்டரைப் பாருங்கள்.

தனி நபராக நடத்துவதா, கூட்டாகவா, கம்பெனியாகவா?

தொடக்கத்தில் தனி உரிமையாளர் முறையே போதும். செலவு குறைவு. ஆனால் தொழிலின் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பொறுப்பு. இருவர் சேர்ந்தால், அண்ணன் தம்பியானாலும், கூட்டு ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள்: யார் எவ்வளவு போட்டார், யார் எந்த வேலை, மாதச் சம்பளம் எவ்வளவு, பிரியும்போது கிரைண்டர் யாருக்கு, பெயர் யாருக்கு. நன்றாக இருக்கும்போது எழுதினால்தான் நியாயமாக எழுத முடியும். வெளியார் முதலீடு வரும்போது பிரைவேட் லிமிடெட் பற்றி யோசிக்கலாம்.

எந்த முறையானாலும் தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி க்யூஆர் கோடு. வீட்டு மளிகையும் கடை வரவும் ஒரே யூபிஐ-யில் கலந்தால் மாதக் கடைசியில் எது லாபம் என்று உங்களுக்கே தெரியாது.

கடன் எங்கே கிடைக்கும்?

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு பிரிவு 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. தருண் கடனைச் சரியாகத் திருப்பியவருக்கு 20 லட்சம் வரை உண்டு. மானியத்தோடு வேண்டும் என்றால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் (பிஎம்இஜிபி) ஆள், இடம் பொறுத்து 15 முதல் 35 சதவீதம்வரை மானியம். திட்ட அறிக்கையில் இயந்திரத்தை மட்டும் காட்டாமல் மேலே சொன்ன நடைமுறை மூலதனத்தையும் சேர்த்துக் கேளுங்கள். மானியம் முதலிலேயே கைக்கு வராது, வங்கியில் வைப்பாக நின்று பிறகு கடனில் கழியும். அதை நம்பி முன்கூட்டியே செலவு செய்யாதீர்கள்.

ஆள் வைக்கும்போது கவனிக்க வேண்டியது?

பத்துப் பேர் ஆனால் இஎஸ்ஐ (மருத்துவக் காப்பீடு), இருபது பேர் ஆனால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கட்டாயம். இரண்டு பேரே இருந்தாலும் சம்பளத்தை வங்கியில் போடுங்கள், வார விடுமுறை கொடுங்கள். சுழலும் கல்லுக்குள் கையை விட்டு மாவைத் தள்ளும் பழக்கத்தை முதல் நாளே தடுத்துவிடுங்கள். சேலை முந்தானையும் துப்பட்டாவும் பெல்ட்டில் சிக்கும். பெல்ட்டுக்கு மூடி இல்லாத கிரைண்டரை ஓட்டவே கூடாது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ளவரைச் சம்பளம் பிடிக்காமல் வீட்டுக்கு அனுப்புங்கள். சம்பளம் பிடித்தால் நோயை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவார்கள், அது மாவில் போய்ச் சேரும்.

பெயரைப் பதிவு செய்ய வேண்டுமா?

லேபிளில் பெயர் போட்டு நாலு கடைக்கு மேல் போகத் தொடங்கியதும் செய்துவிடுங்கள். வணிகச் சின்னப் பதிவில் மாவு 30-ஆம் வகுப்பில் வரும். தனி நபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். ‘அம்மா மாவு’, ‘சுவை மாவு’ போன்ற பொதுப் பெயர்களுக்குப் பதிவு கிடைப்பது கடினம்.

எப்போது பெரிதாக்கலாம்?

மூன்று மாதம் தொடர்ந்து, வார நாளிலும் சரக்கு போதாமல் போய், திரும்பும் பாக்கெட் நூற்றுக்கு மூன்றுக்குள் இருந்தால். சனி, ஞாயிறு மட்டும் தட்டுப்பாடு என்றால் இயந்திரம் வேண்டாம், அந்த இரண்டு நாளுக்குக் கூடுதல் ஆள் போதும். பெங்களூரில் 2005-ல் சிறு இடத்தில் தொடங்கிய ஐடி ஃபிரஷ் என்ற மாவு நிறுவனம் பல நகரங்களுக்குப் பரவியதைப் பார்த்து ஆசைப்படுவது இயல்பு. ஆனால் மாவு மூன்று நாலு நாள் சரக்கு. தூரம் கூடக் கூட, குளிர்வண்டி இல்லாமல் அனுப்ப முடியாது. பக்கத்து ஊரில் இன்னொரு அரவை இடம் போடுவது பல நேரம் அதைவிட மலிவாக முடியும்.

மூட நேர்ந்தால்?

ஆறு மாதம் தொடர்ந்து உங்கள் சம்பளமும் தவணையும் வரவில்லை, விலையையும் ஏற்ற முடியவில்லை என்றால் நிறுத்துவதில் தவறில்லை. கிரைண்டருக்கு நல்ல பழைய விலை கிடைக்கும்போதே விற்று, முதலில் ஆட்களின் சம்பளத்தையும் அரிசி மண்டிக் கணக்கையும் தீருங்கள். பிறகு எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவை ஒப்படைத்து, ஜிஎஸ்டி எண் இருந்தால் ரத்து செய்து இறுதிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். ரத்து செய்யாத ஜிஎஸ்டி எண்ணுக்கு, விற்பனையே இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். விட்டுவிட்டால் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.